நாற்பது வருடப் பல் அடைப்பை எடுக்கலாமா, விட்டுவிடலாமா

அம்மா, உங்கள் நீண்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 53. சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டத்தில் வளர்ந்தவர். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பள்ளிக்கு வந்த பல் தாதியும், பின்னர் டவுனில் உள்ள அரசாங்கப் பல் கிளினிக்கும் அடைத்துவிட்ட கடைவாய்ப் பற்கள் ஏழு இருக்கின்றன. ஏழும் சாம்பல் நிற அமால்கம் அடைப்புகள். அவற்றில் கீழ்த்தாடை இடப்பக்கப் பல் ஒன்று, கெட்டியான பொருளைக் கடிக்கும்போது மட்டும் சுரீரென்று வலிக்கிறது. ஒரு வருடமாக மறதி, களைப்பு, பாதங்களில் மரத்துப்போன உணர்வு. கோலாலம்பூரில் வேலை செய்யும் உங்கள் அக்கா மகள் விசாரித்த தனியார் நிலையம் ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் பாதரசமே காரணம் என்றும், ஏழு அடைப்புகளையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, உடம்பில் தங்கிய பாதரசத்தை வெளியேற்ற ஊசியும் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் உங்கள் மகளுக்கும் இரண்டு அடைப்புகள் இருப்பதால் அவரையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

அரசாங்கப் பல் மருத்துவச் சேவையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வலிக்கும் அந்த ஒரு பல்லை உடனே காட்டுங்கள். அதன் அடைப்பை மாற்ற வேண்டியிருக்கலாம். மற்ற ஆறும் பழுதில்லாமல் இருந்தால் அவற்றைத் தொட வேண்டாம். ஊசி வேண்டாம். மகளுக்கு இப்போது எதையும் எடுக்க வேண்டாம். மறதிக்கும் பாத மரப்புக்கும் வேறு இடத்தில் காரணம் தேட வேண்டும். அந்தத் தேடல் பல் விஷயத்தை விட அவசரமானது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதற்குத்தான் மீதிப் பதில்.

அமால்கம் என்பது வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்தோடு கலந்து செய்வது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். அதை யாரும் மறைக்கவில்லை. கலந்த சில நிமிடங்களில் அது இறுகத் தொடங்கி, ஒரு நாளுக்குள் முழு வலுவை அடைகிறது. இறுகிய பிறகு பாதரசம் நீர்மமாகத் தனித்து நிற்பதில்லை. வெள்ளியோடும் வெள்ளீயத்தோடும் சேர்ந்து கெட்டியான சேர்மங்களாகிவிடுகிறது. ஆயினும் அது முற்றிலும் பூட்டப்பட்டுவிட்டது என்று சொல்வதும் உண்மையல்ல. மெல்லும்போதும், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும்போதும், கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் குடிக்கும்போதும் அடைப்பின் மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிதளவு பாதரச ஆவி வெளிவருகிறது. மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் ஆவியில் சுமார் 80 விழுக்காடு உடம்பில் சேர்கிறது. ஆனால் உலோகத் துணுக்காக விழுங்கப்படும் பாதரசம் குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. ஆகவே அடைப்பின் துண்டு ஒன்றைத் தவறி விழுங்கிவிட்டால் பதற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஆவியைத்தான்.

அந்த ஆவி எவ்வளவு என்பதுதான் இந்த விவாதத்தின் மையம். ஏழெட்டு அடைப்புகள் உள்ள பெரியவர் ஒருவர் அவற்றிலிருந்து ஒரு நாளைக்குப் பெறும் பாதரசம் பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரோகிராம் வரை இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. உலகச் சுகாதார நிறுவனம் 1991-இல் தந்த மதிப்பீட்டின் மேல் எல்லை இதைவிடக் கூடுதலானது. ஒரு கிராமை ஒரு மில்லியன் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய 1,127 ஆண்களின் சிறுநீரைச் சோதித்து 1998-இல் வெளியான ஆய்வில், அடைப்புள்ள பல் பரப்புகள் பத்து கூடும்போது சிறுநீரில் பாதரசம் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவுக்குக் கூடியது தெரிந்தது. பாதரசத்தோடு வேலை செய்யும் தொழிலாளர்களிடம் கை நடுக்கம் போன்ற விளைவுகள் காணப்படும் அளவுகள் இதைப் பல மடங்கு தாண்டியவை.

இவ்வளவு சிறிய அளவும் வளரும் மூளையைப் பாதிக்குமா என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே இரண்டு பெரிய ஆய்வுகள் நடத்தப்பட்டு 2006-இல் ஒன்றாக வெளியாயின. ஒன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 சிறுவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தது. மற்றொன்று போர்த்துக்கலின் லிஸ்பனில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்தது. யாருக்கு அமால்கம், யாருக்கு வெள்ளைப் பிசின் அடைப்பு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, நினைவாற்றல், கவனம், நரம்புகளின் வேகம் முதலியவற்றை ஆண்டுதோறும் அளந்தார்கள். அமால்கம் குழுவின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடுதலாக இருந்தது உண்மை. மூளையின் செயல்பாட்டில் இரு குழுவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. லிஸ்பன் ஆய்வில் தெரிந்த வேறொன்றையும் சொல்ல வேண்டும்: ஆய்வின் பிற்பகுதியில், வெள்ளை அடைப்புக் குழுவினருக்கு மறுபடியும் பல் அடைக்க வேண்டிய தேவை ஏறக்குறைய 50 விழுக்காடு அதிகமாக இருந்தது.

இவை சராசரியைப் பற்றிய ஆய்வுகள் என்பதை நான் மறக்கவில்லை. அமால்கத்தின் உலோகங்களுக்கு உண்மையான ஒவ்வாமை உள்ளவர்கள் மிகச் சிலர் இருக்கிறார்கள்; அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்களைப் போன்றவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்து 2008-இல் வெளியானது. தங்கள் உடல்நலக் குறைகளுக்கு அடைப்புகளே காரணம் என்று நம்பிய 90 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அடைப்புகளை எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எடுத்ததோடு பாதரசத்தை வெளியேற்றும் என்று சொல்லப்படும் சத்து மருந்துகளும் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவின் அடைப்புகளை அப்படியே விட்டுவிட்டு, உணவு, உடற்பயிற்சி, மன அமைதி ஆகியவற்றில் பயிற்சி அளித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, எடுத்தவர்களின் உடம்பில் பாதரசம் குறைந்திருந்தது. ஆனால் குறைகள் தணிந்த அளவில் மூன்று குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடைப்பை எடுத்த பிறகு உடம்பு தேறியது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, அம்மா. அடைப்பை எடுக்காமலே அக்கறையான கவனிப்பைப் பெற்றவர்களும் அதே அளவு தேறினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி, எடுப்பதனால் வரும் கேடுகள். அடைப்பு வாயில் சும்மா இருக்கும்போது வெளிவிடும் ஆவியை விட, அதைச் சுழலும் ஊசியால் அறுக்கும்போது எழும் ஆவி பல மடங்கு அதிகம், ஏனெனில் உராய்வு சூட்டை உண்டாக்குகிறது, சூடு ஆவியைக் கிளப்புகிறது. எடுத்த அடுத்த சில நாட்களில் இரத்தத்தில் பாதரச அளவு உயர்ந்து, பிறகு வாரங்கள், மாதங்கள் கழித்தே முன்பிருந்ததை விடக் கீழே இறங்குகிறது. பாதரசத்துக்குப் பயந்து எடுக்கப் போகிறவர், ஏழையும் ஒரே நாளில் எடுத்தால், தாம் எதற்குப் பயந்தாரோ அதையே ஒரே மூச்சில் கூடுதலாகப் பெற்றுக்கொள்கிறார். இதையும், நல்ல பல்லின் பகுதி வீணாகப் போவதையும் காரணம் காட்டித்தான், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரையில், நல்ல நிலையில் உள்ள அடைப்புகளை மருத்துவக் காரணம் இல்லாமல் அகற்ற வேண்டாம் என்று சொன்னது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் போன்றோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொன்னதும் அதே அறிவுரைதான். புதிதாக வைப்பது வேறு, இருப்பதை எடுப்பது வேறு. இணையத்தில் பரவும் செய்திகளில் புதிதாக வைக்க வேண்டாம் என்ற பாதி மட்டும் வருகிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஆவி கூட அல்ல, பல்தான். அமால்கம் பல்லோடு ஒட்டுவதில்லை. உள்ளே அகன்றும் வாயில் குறுகியும் வெட்டப்பட்ட குழியில் பூட்டிக்கொண்டு நிற்கிறது. அதை முழுவதும் எடுக்க வேண்டுமானால், எவ்வளவு கைதேர்ந்த மருத்துவரானாலும், சுற்றியுள்ள நல்ல பல்லில் ஒரு மெல்லிய வளையத்தையாவது சேர்த்து இழக்க வேண்டிவரும். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குப் பால்மரம் தெரியும்: சீவிய பட்டை சில வருடங்களில் மீண்டும் வளரும், மறுபடியும் சீவலாம். பல்லின் எனாமல் அப்படி வளர்வதில்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி பெரிதாகி, பல்லின் சுவர் மெலிந்து, நரம்புக்கு அருகே போகிறது. ஆழமான பழைய அடைப்பைத் தோண்டியதால் நரம்பு வீங்கி, வேர்ச் சிகிச்சை, பின் உறை, பின் பிடுங்கல் என்று படிப்படியாக இறங்கிய பற்களை நான் பணியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கணிசமானவை தொடாமல் விட்டிருந்தால் இன்னும் பல வருடம் உழைத்திருக்கும்.

எடுத்த இடத்தில் வைக்கப்போவது என்ன என்பதையும் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பெரும்பாலும் காம்போசிட் எனப்படும் பல் நிறப் பிசின். அது நல்ல பொருள்; பல்லோடு ஒட்டுவதால் சிறு குழிகளுக்கு நல்ல பல்லை அதிகம் வெட்டத் தேவையில்லை. ஆனால் வைக்கும் நேரத்தில் எச்சில், இரத்தம் எதுவும் படாமல் குழி முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். கெட்டிப்படும்போது அது சற்றுச் சுருங்குவதால் ஓரத்தில் இடைவெளி விழலாம். ஈறுக்குக் கீழே இறங்கிய பெரிய குழிகளில் இந்த இரண்டும் தொல்லை தரும். காக்ரேன் அமைப்பு 2014-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடைவாய்ப் பற்களில் காம்போசிட் பழுதாகும் வாய்ப்பு அமால்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்றும், அடைப்பின் அடியில் மீண்டும் சொத்தை விழும் வாய்ப்பு இரு மடங்கைத் தாண்டுகிறது என்றும் கண்டது. அந்த ஆய்வுகளுக்குப் பிறகு பொருளும் ஒட்டும் முறையும் மேம்பட்டிருக்கின்றன என்பதால் இந்த எண்ணைச் சற்றுத் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளலாம். கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு பொருள் ஃபுளோரைடு வெளிவிடும். ஆனால் கடைவாயின் பெரிய அடைப்புகளுக்குத் தேவையான வலு அதற்குக் குறைவு.

பள்ளிகளுக்கு வந்த பல் தாதிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் தொடங்கிய பயிற்சியில் தேர்ந்து வந்தவர்கள் அவர்கள். தோட்டப் பள்ளிகளில் கையால் தூக்கிச் செல்லும் கருவிகளோடு, வியர்த்து வடியும் கொட்டகையில் வைத்து அவர்கள் அடைத்த அடைப்புகள் நாற்பது வருடம் தாண்டியும் நிற்கின்றன என்றால், அது அவர்கள் கைத்திறனுக்கும் அந்தப் பொருளின் பொறுமைக்கும் சேர்ந்த சான்று. அவற்றைக் கெட்ட பழைய சாமான் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

எடுக்க வேண்டிய அடைப்புகள் நிச்சயமாக உண்டு. அடைப்பு உடைந்திருந்தால், அடியில் சொத்தை இருப்பதை எக்ஸ்ரே காட்டினால், பல்லில் விரிசல் ஓடியிருந்தால், ஓரம் அரித்து உணவு சிக்கிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டும். ஓரத்தில் சிறு சிதைவு மட்டுமே என்றால், முழுவதும் தோண்டாமல் அந்த ஓரத்தை மட்டும் பழுது பார்க்கவும் மெருகேற்றவும் முடியும்; நோயாளிகள் இதைக் கேட்டு வாங்குவதில்லை என்பதால் சொல்கிறேன். அடைப்பு கறுத்திருப்பது மட்டும் காரணம் ஆகாது. ஈறில் அடைப்புக்குப் பக்கத்தில் நீலம் கலந்த கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தால், பெரும்பாலும் அது தசைக்குள் புதைந்த அமால்கத் துகள்தான், தீங்கில்லாதது. ஆனால் அது அதுதானா என்று ஒரு முறை மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பொதுவாகக் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ, சரியாக அடைப்பு உரசும் இடத்தில் மட்டும், வெள்ளைக் கோடுகளும் எரிச்சலும் தோன்றும். அவர்களுக்கு அந்த அடைப்பை மாற்றினால் பெரும்பாலும் ஆறிவிடுகிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் அதிகம் காணப்படுவது நம் இந்திய சமூகத்தில்தான். ஆகவே வாயில் ஆறாத வெள்ளைத் திட்டையோ சிவப்புத் திட்டையோ கண்டு, அது அடைப்பின் வேலைதான் என்று தாமே முடிவு செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் ஆறாத எதையும் பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

உங்கள் இடப்பக்கப் பல்லுக்கு வருகிறேன். கடிக்கும்போதோ கடித்து விடும்போதோ ஒரு நொடி சுரீரென்று வெட்டி மறையும் வலி, பெரிய பழைய அடைப்பு உள்ள பல்லில், முதலில் விரிசலைத்தான் நினைக்கத் தூண்டுகிறது. அமால்கம் பல்லின் சுவர்களை ஒட்டிப் பிடிப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா. நாற்பது வருடம் முறுக்கும் எலும்பும் கடித்த பல்லின் முனை ஒன்று, அடிப்பக்கத்தில் மயிரிழை அளவு பிளந்திருக்கலாம். மருத்துவர் ஒவ்வொரு முனையாகக் கடிக்கச் சொல்லிச் சோதிப்பார்; எக்ஸ்ரேயில் விரிசல் பெரும்பாலும் தெரியாது, ஆனால் அடியில் சொத்தை இருந்தால் தெரியும். விரிசல் என்றால் அடைப்பை எடுத்து, பல்லின் முனைகளை மூடிப் பிடிக்கும் உறை போட வேண்டிவரலாம். தாமதித்தால் ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே பல் இரண்டாகப் பிளந்து, காப்பாற்ற முடியாமல் போகலாம். ஏழு பற்களில் பணம் செலவழிக்க நினைக்கும் நீங்கள் அந்தப் பணத்தை இந்த ஒரு பல்லில் செலவழியுங்கள்.

அடுத்தது மறதி, களைப்பு, பாத மரப்பு. பாதரச நஞ்சின் அடையாளங்கள் என்று சொல்லப்படுபவற்றில் இவையும் வருகின்றன என்பது உண்மை. ஆனால் இதே குறைகளைத் தரும் நோய்கள் நம் ஊரில் மிகச் சாதாரணமாக இருக்கின்றன. 2019-இன் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். பாதங்களில் தொடங்கி இரு பக்கமும் ஒரே மாதிரி மரத்துப்போவது நீரிழிவின் நரம்புப் பாதிப்புக்கே உரிய முறை. ஏற்கெனவே நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும், சைவ உணவுக்காரர்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்து, இதே மரப்பும் மறதியும் வரலாம். தைராய்டு சுரப்புக் குறைவும், இரத்தச் சோகையும், மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தூக்கமின்மையும் களைப்பையும் மறதியையும் தரும். நீங்கள் சர்க்கரை நோய் பற்றி எதுவுமே எழுதவில்லை. சோதித்ததில்லை என்றால் இந்த வாரமே சுகாதார கிளினிக்கில் சோதியுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, முழு இரத்த எண்ணிக்கை, பி12, தைராய்டு, சிறுநீரகச் சோதனை ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஏழு அடைப்புகளையும் எடுத்துவிட்டு, நீரிழிவைக் கவனிக்காமல் ஒரு வருடம் காத்திருந்தால், அந்த ஒரு வருடத்தில் கண்ணும் சிறுநீரகமும் பாதமும் இழப்பதை யாராலும் திருப்பித் தர முடியாது.

பாதரசத்தைப் பற்றியே கவலை என்றால், அதையும் சரியான இடத்தில் தேட வேண்டும். மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்களில் பாதரசம் கண்டுபிடித்துத் திரும்பத் திரும்பத் தடை விதித்து வருகிறது. சந்தையிலும் இணையத்திலும் விற்கும் இத்தகைய கிரீம்களிலிருந்து தோல் வழியாக உடம்பில் சேரும் பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பாதரசம் சேர்த்த பற்பம், செந்தூரம் போன்ற நாட்டு மருந்துகள் தரப்பரிசோதனை இல்லாமல் வாங்கப்பட்டால் அவற்றையும் சந்தேகிக்க வேண்டும். மீனில் இருப்பது மெத்தில் பாதரசம் என்ற வேறு வகை. சுறா போன்ற பெரிய மீன்களில் அதிகம், கெம்போங், நெத்திலி போன்ற சிறு மீன்களில் குறைவு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட பேரழிவு மீன் வழியாக வந்த இந்த மெத்தில் பாதரசத்தால்தான். பல் அடைப்பைப் பற்றிப் பேசும் காணொளிகள் அங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படங்களைக் காட்டுவது முறையல்ல.

அடைப்பிலிருந்தும் கிரீமிலிருந்தும் சேரும் பாதரசத்தை அளக்கப் பொருத்தமானது சிறுநீர்ச் சோதனை. முடிச் சோதனை பெரும்பாலும் நீங்கள் சாப்பிட்ட மீனைத்தான் காட்டும். உலோகத்தை இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சிறுநீரைச் சோதிக்கும் முறை ஒன்று தனியார் நிலையங்களில் புழக்கத்தில் உள்ளது. அந்த மருந்து எவருடைய சிறுநீரிலும் உலோக அளவை உயர்த்தும், அந்த உயர்ந்த எண்ணை மருந்து எடுக்காதவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டு "நஞ்சு இருக்கிறது" என்று சொல்வார்கள். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2010-இலேயே இந்தச் சோதனையை ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது. அந்த நிலையம் போடச் சொன்ன ஊசியும் இதே வகை மருந்தாகத்தான் இருக்க வேண்டும். அது உடம்புக்குத் தேவையான துத்தநாகத்தையும் செம்பையும் சேர்த்தே இழுக்கும், தவறான வகை செலுத்தப்பட்டு இரத்தத்தில் கால்சியம் சரிந்து, 2003 முதல் 2005 வரையிலான காலத்தில் அமெரிக்காவில் மூவர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது, இருவர் குழந்தைகள். உண்மையான பாதரச நஞ்சுக்கு மருத்துவமனையில் கண்காணிப்போடு கொடுக்க வேண்டிய மருந்து அது. சத்து நீர் போலப் போட்டுக்கொள்ளும் பொருளல்ல.

உங்கள் மகளைப் பொறுத்தவரை பதில் எளிது. பாதரச ஆவி நஞ்சுக்கொடியைக் கடக்கக்கூடியது. அதனாலேயே கர்ப்ப காலத்தில் அமால்கம் வைக்கவும் கூடாது, வலியோ சீழோ உடைப்போ இல்லாத அடைப்பை எடுக்கவும் கூடாது. எடுக்காமல் இருந்தால் சேரும் சிறு அளவை விட எடுக்கும் நாளில் சேர்வதே அதிகம். சொத்தையோ ஈறு வீக்கமோ இருந்தால் தயங்காமல் சிகிச்சை பெறட்டும். கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியான காலம், அடைக்க வேண்டியிருந்தால் வேறு பொருளால் அடைப்பார்கள். சூயிங்கம் மெல்லும் பழக்கம் இருந்தால் குறைத்துக்கொள்ளட்டும். முகக் கிரீம் பயன்படுத்துகிறாரா என்பதையும் கேளுங்கள். இரண்டு அடைப்பை விட அது முக்கியமானதாக இருக்கலாம்.

பிறகு ஏன் நாடுகள் இதைத் தடை செய்கின்றன என்று உங்கள் அக்கா மகள் கேட்பார். கேட்பது சரிதான். நார்வே 2008-இலும் சுவீடன் 2009-இலும் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை இருந்தாலொழிய, நிறுத்திவிட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்காக 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், 15 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் ஊட்டுபவர்கள் ஆகியோருக்கு அமால்கம் வைப்பதைத் தவிர்க்க 2022-இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. இவற்றின் முதன்மையான நோக்கம் சுற்றுச்சூழல். கிளினிக்கின் கழிவுநீரோடு ஆற்றில் கலக்கும் அமால்கமும், தகனத்தின்போது பற்களிலிருந்து காற்றில் போகும் பாதரசமும் கடைசியில் மீனுக்குள் சேர்கின்றன. பிணத்தை எரிக்கும் வழக்கம் உள்ள நமக்கு அந்தக் கணக்கில் பங்கு உண்டு. புதிய அடைப்புக்கு அமால்கம் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் நான் முழுமையாக ஆதரிப்பேன். ஆனால் இந்தச் சட்டங்களின் நோக்கம் இனி வைப்பதை நிறுத்துவது. வாயில் நல்லபடியாக இருப்பதைத் தோண்டச் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், மனம் ஒப்பவில்லை, எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், அது உங்கள் வாய், உங்கள் உரிமை. அப்படியானால் ஒரே நாளில் வேண்டாம். தாடையின் ஒரு பகுதியாக, இடைவெளி விட்டு, பெரிய பழுதுள்ளதிலிருந்து தொடங்குங்கள். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்புக் கட்ட வேண்டும். நிறையத் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணிக்க வேண்டும். வலுவான உறிஞ்சு குழாய் பல்லருகிலேயே இருக்க வேண்டும். அடைப்பை மாவாக அரைக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். அறையில் காற்றோட்டம் வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் போதுமானது. விண்வெளி வீரர் போன்ற உடைக்கும் மூலிகைப் பானத்துக்கும் தனிக் கட்டணம் கேட்டால், அதைக் கொடுப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சுங்கை சிப்புட்டிலேயே அரசாங்கப் பல் கிளினிக்கில் பதிந்து, வலிக்கும் பல்லை முதலில் காட்டி, மற்ற ஆறையும் கடிவாய் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறையோ வேர்ச் சிகிச்சையோ தேவைப்பட்டால் ஈப்போவுக்கு எழுதி அனுப்புவார்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும், முகக் கிரீம் இருந்தால் அதன் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். கோலாலம்பூர் நிலையத்தாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தப் பல்லில், என்ன குறையைக் கண்டு எடுக்கச் சொல்கிறீர்கள் என்று பல் பல்லாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதன் நகலையும் வாங்கிவிடுங்கள். சுங்கை சிப்புட் மருத்துவர் அதையே பார்த்துக்கொள்வார், இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்காது.